குளியாளியின் மூச்சு

கி.பி. முதல் நூற்றாண்டில், செங்கடலிலிருந்து புறப்பட்டுப் பருவக்காற்றின் துணையோடு நம் கரைகளுக்கு வந்துபோன வணிகர்களின் உபயோகத்துக்காகப் பெயர் தெரியாத ஒருவன் கிரேக்க மொழியில் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் சிறு நூலில், பாண்டியனுக்குரிய கொற்கையைப் பற்றிப் பேசும் இடத்தில், அங்கே முத்துக் குளிக்கிறார்கள் என்றும், அந்த வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு செய்விக்கிறார்கள் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. அது நேரில் கண்டதா, துறைமுகத்தில் யாரோ சொல்லக் கேட்டதா என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கடலின் அடிக்குப் போய்வருவதென்பது வேறு கதியற்றவன் மட்டுமே ஏற்கும் தொழில் என்று அந்தக் காலத்து வணிகர்கள் எண்ணியிருந்தார்கள் என்பது புலனாகிறது. ஆயினும், ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் நீடித்து நின்ற ஒரு தொழிலை, பயந்து நடுங்கும் கைதிகளைக் கொண்டு நடத்தியிருக்க முடியாது என்பது என் துணிபு. மூச்சை அடக்கிக்கொண்டு நீருக்குள் போகும் மனிதனின் சரீரம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் கண்டறிந்திருப்பவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், சுறாவைவிடவும் ஆழத்தைவிடவும் அவனுக்குப் பெரிய சத்துரு அவனுடைய சொந்தப் பதற்றமே என்று தெரிகிறது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த மக்கள் இதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். அறிந்து, அந்த அறிவைத் தங்கள் தொழிலின் வழக்கங்களுக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தார்கள்.

ஆதம் பாலத்துக்குத் தெற்கே, இந்தியக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் நடுவே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவில், மணற்பரப்பினூடே ஆங்காங்கே கெட்டியான பாறைத் தரைகள் உண்டு. இவற்றைப் 'பார்' என்பது கடலோர மக்களின் வழக்கு. தூத்துக்குடிப் பக்கத்தில் தொலாயிரம் பார், இலங்கைப் பக்கத்தில் செவல் பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தது. முத்துச் சிப்பிகள் ஒட்டி வளர்வது இந்தப் பார்களில்தான். அவை பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்தில் கிடந்தன. ஒரு பாகம் என்பது ஆறடி. நீருக்கு மேலே எந்த அடையாளமும் இல்லாத இந்தத் தரைகளை, கரையின் குறிகளையும் நீரின் நிறத்தையும் ஆழம் பார்க்கும் தூண்டுகல்லில் ஒட்டிவரும் மணலையும் கொண்டு கண்டுபிடிக்கும் வித்தை, அடப்பனார் என்று வழங்கப்பட்ட பரம்பரை வழிகாட்டிகளின் கையில் இருந்தது. சிப்பி சில வருஷங்களே உயிர் வாழ்வது. ஆகவே பருவம் தப்பினால் முத்தும் போயிற்று. அதன் குஞ்சுகள் சில காலம் பார் முழுவதும் படிந்து செழிக்கும். சில காலம் அடியோடு காணாமற் போகும். இலங்கைக் கரையில் 1768 முதல் 1796 வரையிலும், 1837 முதல் 1854 வரையிலும், 1892 முதல் 1902 வரையிலும் முத்துக் குளிப்பே நடக்கவில்லை. இப்படிப் பல வருஷம் காத்திருந்து, ஒரு வருஷம் சிப்பி முதிர்ந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்து, ராஜாங்கம் நாள் குறித்து அறிவிக்கும் அந்தக் குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர்.

சலாபத்தின் அரசியல் சரித்திரத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பாண்டியர்களுக்குப் பின், 1344-இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் சபையில் முத்துக் குவியலைக் கண்டான். 1530-களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். 1658-இல் தூத்துக்குடியும் மன்னாரும் டச்சுக்காரர் வசமாயின. 1796-இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறினவே தவிர, நீருக்குள் இறங்கியவர்கள் மாறவில்லை. தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று பல ஜாதி, பல மதத்துக் குளியாளிகள் ஒரே படகில் இறங்கினார்கள். இலங்கையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில், மனித சஞ்சாரமே இல்லாத மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஓலைக் கொட்டகைகளாலான ஒரு நகரம் எழும்பிவிடும். வியாபாரிகளும் தரகர்களும் கடைக்காரர்களும் பக்கிரிகளும் வந்து குவிவார்கள். போலீசும் ஆஸ்பத்திரியும் கச்சேரியும் வரும். சில வருஷங்களில் வாந்திபேதியும் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். 1905-ஆம் வருஷத்துச் சலாபமே மிகப் பெரியது. அதில் சுமார் 5,000 குளியாளிகள் இறங்கினார்கள். எடுத்த சிப்பி ஏறத்தாழ எட்டுக் கோடி. படகுகள் கொண்டுவந்த சிப்பியைக் 'கொட்டு' என்ற வேலியிட்ட இடத்தில் மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை ராஜாங்கம் எடுத்துக்கொண்டு ஒன்றைப் படகுக்காரர்களுக்கு விட்டது. அந்த மூன்றில் ஒரு பங்குக்காகக் குளியாளி தன் சரீரத்தை என்ன பாடுபடுத்தினான் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், கடல் தெளிந்து அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களே சலாபத்துக்கு உரியவை. நள்ளிரவில் கரைக்காற்று எழும்போது பாய் விரித்துப் புறப்பட்டால், விடியும்போது படகுகள் பாரின் மேல் போய் நங்கூரமிடும். சூரியன் எழுந்து நீருக்குள் வெளிச்சம் இறங்கியதும், சைகை கிடைத்துக் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் மீண்டும் சைகை கிடைத்ததும் நின்றுவிடும். பிற்பகலில் எழும் கடற்காற்றில் எல்லாப் படகுகளும் கரை திரும்பும். பெரிய படகு ஒன்றில் பத்துக் குளியாளிகளும் ஐந்து கற்களும் இருப்பது பழைய வழக்கம். ஐந்து பேர் இறங்கும்போது மற்ற ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். சுமார் முப்பது ராத்தல் எடையுள்ள கருங்கல்லைத் துளையிட்டுக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றின் வளையத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பிரம்பு வளையத்தில் கோத்த வலைப்பையை எடுத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியாளி இறங்குவான். கல் அவனைச் சில விநாடிகளில் அடிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே காலை எடுத்ததும், மேலே கயிறு பிடித்து நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாளி தரையோடு தரையாகப் படிந்து, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவர் இழுப்பார்.

இலங்கையைப் பற்றி 1803-இல் ஒரு நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 1797-இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒரு குளியாளி முழுதாக ஆறு நிமிஷம் நீருக்குள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அசையாமல் மிதந்து மூச்சை அடக்கும் போட்டிகளில் இன்று அதைவிட அதிக நேரம் இருப்பவர்கள் உண்டு என்றாலும், பாரின் மேல் கைகளால் வேலை செய்துகொண்டிருந்த ஒருவன் ஆறு நிமிஷம் தாக்குப்பிடித்தான் என்பதை ஏற்பது கடினம். பின்னாளில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியவர்கள், ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம் என்றே கண்டார்கள். ஆனால் பெர்சிவல் சொல்லும் வேறொரு செய்தி ஆறு நிமிஷக் கதையைவிட என்னை அதிகம் பாதிக்கிறது. மேலே வந்த குளியாளிகளின் வாய், மூக்கு, காதுகளிலிருந்து நீரும் பல வேளைகளில் ரத்தமும் வழியும் என்றும், அதனால் தடைபடாமல் தங்கள் முறை வந்ததும் மறுபடி இறங்குவார்கள் என்றும், ஒரே நாளில் நாற்பது, ஐம்பது தடவை முழுகுவார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று இன்று நமக்குத் தெரியும். நீரில் முப்பத்து மூன்று அடி இறங்கினால், நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வாயுமண்டலத்தின் பாரம் போல மற்றொரு பங்கு பாரம் சரீரத்தின் மேல் ஏறுகிறது. சதையும் எலும்பும் ரத்தமும் பெரும்பாலும் ஜலமயமானவை. அவற்றை இந்தப் பாரம் ஒன்றும் செய்வதில்லை. காற்று அடைந்துள்ள குழிகளே அகப்பட்டுக்கொள்கின்றன. செவிப்பறைக்கு உட்புறமுள்ள சிறு அறையைத் தொண்டையோடு சேர்க்கும் மெல்லிய குழல் சாதாரணமாக மூடிக் கிடப்பது. அதைத் திறந்து உள்ளே காற்றைச் செலுத்தாவிட்டால், முதல் இரண்டு பாகத்துக்குள்ளேயே காதில் ஊசி குத்தினாற்போல வலி எடுக்கும். பொருட்படுத்தாமல் மேலும் இறங்கினால் பறை கிழியும். குளியாளி மூக்கைப் பொத்தியது நீர் புகாமல் இருப்பதற்காக மட்டும் அன்று. பொத்திய மூக்குக்குள் மூச்சை முட்டினால் அந்தக் குழல் திறந்துகொள்ளும். இதே உபாயத்தை இத்தாலிய வைத்தியர் வால்சால்வா 1704-இல் நூலில் விவரித்தார். வைத்திய உலகில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கல்லோடு வேகமாக இறங்குகிறவனுக்கு இதைச் செய்ய விநாடிகளே உண்டு. தவறியவர்களுக்கு வழிந்ததே பெர்சிவல் கண்ட ரத்தம். சில குளியாளிகள் உடம்பில் எண்ணெய் தடவிக் காதிலும் மூக்கிலும் அடைப்பு வைத்துக்கொண்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். முன்னோர் வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுவது நியாயமாகாது. காதை வெளியிலிருந்து அடைப்பது, அடைப்புக்கும் பறைக்கும் நடுவே காற்றைச் சிறைப்படுத்தித் தீங்கையே விளைவிக்கும். பாரசீக வளைகுடாவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கச் சலாபங்களுக்கு வந்த அராபியக் குளியாளிகள், கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி, இரண்டு கைகளையும் வேலைக்கு விடுவித்துக்கொண்டார்கள். அது நல்ல ஏற்பாடு.

காதைக் கடந்தால் நெஞ்சு. மேற்பரப்பில் ஆறு லிட்டர் காற்றை இழுத்துக்கொண்ட நுரையீரல், பத்துப் பாகத்தில், பாரம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்ட நிலையில், இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நாம் முழு பலத்தோடு மூச்சை வெளியே விட்டாலும் நெஞ்சுக்குள் எஞ்சி நிற்கும் காற்று சுமார் ஒன்றரை லிட்டர். விலாக்கூடு அதற்கு மேல் எளிதில் ஒடுங்காது. ஆகவே பத்துப் பாகத்தில் வேலை செய்த குளியாளி, தன் நெஞ்சுக்கூடு இயல்பாக ஒடுங்கக்கூடிய எல்லையை நெருங்கி நின்றான் என்று கணக்குச் சொல்கிறது. அதற்கு அப்பால் போனால் மனிதன் நசுங்கிவிடுவான் என்றே சரீர சாஸ்திரிகள் வெகு காலம் எண்ணினார்கள். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் கிராஃப்ட் அந்த எல்லையை எவ்வளவோ தாண்டி இறங்கியபோது, அவரைச் சோதித்த ஷேஃபரும் பிறரும் 1968-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: கைகால்களிலிருந்து ரத்தம் ஒதுங்கி நெஞ்சுக்குள் வந்து, காற்று விட்டுப்போன இடத்தை நிரப்பிக்கொள்கிறது. சரீரம் தன்னைத் தானே உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது.

இதைக் காட்டிலும் ஆச்சரியமானது இருதயத்தின் நடத்தை. பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர், வாத்துகளை நீரில் அமிழ்த்திப் பார்த்து அவற்றின் இருதயத் துடிப்புத் தணிவதை 1870-இல் எழுதினார். 1940-இல் நார்வே தேசத்தவரான ஷோலாண்டர் கடல்நாய்களைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், முழுகிய மாத்திரத்தில் அவற்றின் துடிப்புப் பத்தில் ஒரு பங்காகக் குறைவதையும், தசைகளுக்குச் செல்லும் ரத்தம் ஏறத்தாழ நின்று, மூளையும் இருதயமும் மட்டுமே ஊட்டம் பெறுவதையும் நிரூபித்தார். பின்பு அவரும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள டாரஸ் நீரிணையின் முத்துக்குளியாளிகளிடம் இதே மாறுதலைக் கண்டு 1962-இல் வெளியிட்டார்கள். முகத்தில் நீர் பட்டு, மூச்சும் நின்றதும், முகத்து நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இருதயத்தை நிதானப்படுத்துகிறது. நிமிஷத்துக்கு எழுபது தடவை துடித்துக்கொண்டிருந்தது ஐம்பதுக்கும் அதற்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. கைகால்களின் ரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன. மண்ணீரலும் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கலக்கிறது. கொரியக் கடலில் முழுகும் பெண்களிடம் 1990-இல் இதை அளந்து கண்டார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக முழுகிவரும் பாஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் கரையில் வாழும் மக்களுடையதைவிட ஏறத்தாழ பாதி அளவு பெரியது என்று 2018-இல் தெரியவந்தது.

மேலே வரவேண்டும் என்ற தவிப்பு எங்கிருந்து எழுகிறது என்பதும் அறியத்தக்கது. பிராணவாயு குறைந்துவிட்டது என்று நெஞ்சு அவ்வளவு எளிதில் எச்சரிப்பதில்லை. கரியமில வாயு ரத்தத்தில் சேர்வதே மூச்சுக்கு ஏங்கச் செய்கிறது. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் இதைத் தெளிவாக்கினார்கள். அது மிகும்போது உதரவிதானம் தானாகவே துடித்து இழுக்கத் தொடங்கும். அந்தத் துடிப்பைப் பொறுத்துக்கொண்டு இன்னும் சில சிப்பிகளை எடுப்பதா, கயிற்றை அசைப்பதா என்று முடிவு செய்வதிலேயே குளியாளியின் அனுபவம் முழுவதும் அடங்கியிருந்தது. முழுகும் முன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறித் தவிப்புத் தள்ளிப்போகும். பிராணவாயுவோ அதனால் குறிப்பிடும்படி கூடுவதில்லை. இப்படி இறங்குகிறவனுக்கு எச்சரிக்கை வருமுன் பிரக்ஞை போய்விடும். ஆழத்தில் பாரத்தினால் நெருக்குண்டு ரத்தத்துக்குள் புகுந்துகொண்டிருந்த பிராணவாயு, மேலேறும்போது பாரம் குறைவதனால் சட்டென்று வலுவிழக்கிறது. ஆகவே மயக்கம் பெரும்பாலும் கடைசிச் சில பாகங்களிலேயே, வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே நேர்கிறது. குளியாளி தானாக நீந்தி ஏறாமல் மேலிருந்து ஒருவர் இழுத்தது, கால்களின் உழைப்பை மிச்சப்படுத்தியதோடு, பிரக்ஞை தவறினாலும் உடல் படகுக்கு வந்து சேரும் வழியையும் காத்தது. அதனால்தான் கயிறு பிடிப்பவராக நம்பிக்கைக்குரிய ஒருவரே நிற்கவேண்டியிருந்தது.

இவ்வளவும் சரீரம் தன் போக்கில் செய்துகொள்ளும் பாதுகாப்பு. இதைக் கெடுக்கவல்லது பயம் ஒன்றே. அமெரிக்க விஞ்ஞானி வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில், அச்சமும் கோபமும் கொண்ட பிராணியின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள், இருதயத்தை விரட்டி, தசைகளுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்கிறது என்று விளக்கினார். தரையில் புலியைக் கண்டவனுக்கு அது உயிர்காக்கும் உதவி. ஒன்பது பாகத்துக்கு அடியில், எண்ணிவைத்த ஒரே மூச்சோடு இருப்பவனுக்கு அதுவே கேடு. துடிப்பு விரைந்தால் பிராணவாயு விரைவில் தீரும். தசைகள் இறுகினால் கரியமில வாயு விரைவில் பெருகும். இன்னும் அரை நிமிஷம் இருக்கக்கூடியவன் பத்து விநாடியில் மேலே ஓடிவருவான். வேகஸ் நரம்பு நிதானிக்கச் சொல்ல, அட்ரினல் விரட்ட, இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே இருதயம் தாளம் தவறுவதும் உண்டு. கொற்கையின் கைதிகள் உண்மையிலேயே இறக்கப்பட்டிருந்தால், அவர்கள் கொண்டுவந்த சிப்பி மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும்.

பயத்தை நீக்குவதற்கு இந்தத் தொழில் ஒரு மனிதனையே நியமித்திருந்தது. அவனுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுகிறவன். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிக்கும் வியாபாரிகள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மீன்களை மந்திரத்தால் கட்டும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். கட்டு பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள். அப்படி அவிழ்ப்பதால், திருட்டுத்தனமாக இரவில் இறங்க ஒருவரும் துணியமாட்டார்கள். பகலில் உழைப்பவனுக்குத் தைரியமாக இருந்த அதே மந்திரம், இரவில் பாருக்கு வேலியாக நின்றது. மனித மனத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்து அமைத்த ஏற்பாட்டை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கில ராஜாங்கமும் அதைத் தள்ளவில்லை. கடல்கட்டி வராமல் குளியாளிகள் இறங்கமாட்டார்கள் என்று கண்ட உத்தியோகஸ்தர்கள், அவனுக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். படகுகள் கடலில் இருக்கும் வரை அவன் அன்ன ஆகாரமின்றிக் கரையில் நின்று ஜபித்துக்கொண்டிருப்பான் என்று பெர்சிவல் சொல்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் காலனிச் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் எழுதிவைத்த செய்தி இன்னும் ஆழமானது. அந்தப் பரம்பரையின் தலைவர் அப்போது ரோமன் கத்தோலிக்கராக இருந்தார். அதனால் அவருடைய சக்தி குறைந்துவிட்டதாக ஒரு குளியாளியும், அவன் எந்த மதத்தவனானாலும், கருதவில்லை. டென்னன்ட் சென்ற சமயம் அவர் நோயுற்றிருந்ததால் ஒரு பிரதிநிதி வந்திருந்தார். மந்திர ரகசியம் தமக்குத் தெரியாது என்றும், ஆனாலும் தலைவரின் பிரதிநிதியாகத் தாம் வந்து நிற்பதையே சுறாக்கள் மதித்து நடக்கும் என்றும் அவர் உறுதி கூறினார். டென்னன்ட் இதை விநோதமாக எண்ணிக் குறித்தார். எனக்கோ, மந்திரத்தின் சொற்களைவிட, தனக்காக ஒருவர் உபவாசமிருந்து கரையில் நிற்கிறார் என்ற நிச்சயமே குளியாளியின் நெஞ்சை அடக்கியது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை. மன்னார்ச் சலாபங்களில் சுறாவினால் நேர்ந்த விபத்து மிக அரிது என்பதை எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். கடல்கட்டி கட்டியது சுறாவை என்று குளியாளி நம்பினான். அவன் கட்டியது குளியாளியின் இருதயத் துடிப்பை என்று நான் நம்புகிறேன்.

ராஜாங்கத்தின் விஞ்ஞானிகள் வந்தபோது அவர்கள் கவனம் சிப்பியின் மேல் இருந்தது. அவர்களில் ஒருவரான ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கையும், அவருக்குத் துணையாக வந்து பின்னர்ச் சென்னை ராஜதானியின் மீன்துறைக்குத் தலைவரான ஜேம்ஸ் ஹார்னெலின் நூல்களும் பாருக்கும் சிப்பிக்கும் இன்றும் ஆதாரமானவை. 1906-இல் இலங்கைப் பார்களை ஒரு கம்பெனி இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி பொய்த்து, காலம் முடியுமுன்பே அது நொடித்தது. 1925-க்குப் பின் இலங்கையில் பழைய மாதிரிச் சலாபம் நின்றுபோயிற்று. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சென்னை அரசின் மேற்பார்வையில் தொடர்ந்து நடந்த குளிப்பே கடைசி. ஷோலாண்டரின் கட்டுரை அதற்கு அடுத்த வருஷமே வெளிவந்தது. மனித இருதயம் நீருக்குள் எப்படி அடங்குகிறது என்பதை அளக்கும் கருவிகள் டாரஸ் நீரிணைக்குப் போன காலத்தில், இரண்டாயிரம் வருஷப் பயிற்சியுள்ள மன்னார்க் கடல் தன் கற்களைக் கரையேற்றிவிட்டது. 1973-இல் தூத்துக்குடிக்கருகே விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவிட்டு முத்து விளைவித்து வெற்றி கண்டபின், முத்துக்காக முழுகவேண்டிய அவசியமும் குறைந்தது.

சங்கு குளிப்பு மட்டும் நிற்கவில்லை. தூத்துக்குடிப் பகுதியில் சங்குக்காக இறங்குகிறவர்கள் பலர் இப்போது படகில் வைத்த கம்பிரசரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றைச் சுவாசித்தபடி, மணிக்கணக்கில் அடியிலேயே இருக்கிறார்கள். மூச்சுத் தவிப்பு என்ற பழைய துன்பம் அவர்களுக்கு இல்லை. அந்தத் தவிப்போடு சேர்ந்திருந்த எச்சரிக்கையும் இல்லை. ஆழத்தில் நெருக்குண்ட காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புகளிலும் சிறிது சிறிதாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளில் வலியையும், முதுகுத்தண்டில் தங்கினால் கால்களில் முடக்கத்தையும் உண்டாக்குகிறது. பால் பேர் 1878-இலேயே இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஹால்டேனும் அவருடைய துணைவர்களும் ஆடுகளைக் கொண்டு சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் முறையை 1908-இல் வகுத்தார்கள். ஐம்பது தடவை முழுகியும் தப்பித்த அந்தப் பழைய குளியாளியிடமிருந்து வந்த எந்த வழக்கமும் இதில் உதவாது. கரைந்த நைட்ரஜனை உணர்ந்து சொல்லும் நரம்பு நம் சரீரத்தில் இல்லை. வலி தொடங்குவதே பல சமயம் கரை சேர்ந்து, வீடு போனபிறகுதான்.

இன்று இறங்குகிறவர்களில் சிலர் நடக்கமுடியாமல் போனதும், சிலர் இறந்துபோனதும் அந்தக் கரை அறிந்த துயரம். அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் பின்பற்றிய அட்டவணை, அறுபதடி ஆழத்தில் அறுபது நிமிஷத்துக்கு மேல் இருந்தவன் நேரே மேலே வரக்கூடாது, வழியில் நின்று ஏறவேண்டும் என்கிறது. அத்தகைய அட்டவணை ஒன்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு படகின் தலைவனான தண்டலிடமும் கொடுப்பதும், கயிறு பிடித்தவருடைய பொறுப்பைக் குழாய் பார்ப்பவரிடம் ஒரு கடிகாரத்தோடு ஒப்படைப்பதும், நோய் கண்டவனை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்துக் குணப்படுத்தும் அறையை அவன் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அமைப்பதும் அரசாங்கத்தாலும் குளிப்பவர்களின் சங்கத்தாராலும் ஆகக்கூடிய காரியங்கள்; கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்த ராஜாங்கங்கள் அந்தக் கரையில் முன்பு இருந்திருக்கின்றன.